விழுகிறவன் முகம்

பல்செட்டு செய்கிறவருக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பார். "கால்ல சக்கரத்தோடவா பொறந்தீங்க?" என்று கேட்டுக் கேட்டு மனைவிக்கு அலுத்துவிட்டது. அவர் அடங்கி உட்காரும் ஒரே இடம் பின்னறை மேசை. அங்கேதான் அவருடைய பழைய ரோமானியக் காசுகள் இருந்தன.

எல்லாமே படைவீரர் காசுகள். கொடிக்கம்பத்தைப் பிடித்து நிற்பவர்கள், கைதியின் முடியைப் பிடித்து இழுத்துப் போகிறவர்கள். அவர் உயிரையே வைத்திருந்தது ஈட்டிக்காரன் காசின்மேல்தான். அதில் ஒரு வீரன் ஈட்டியால் குத்துகிறான். எதிரி குதிரையோடு சரிகிறான். மற்றவர்கள் குத்துகிறவனைப் பார்த்து வாங்குவார்கள். இந்த மனுஷன் விழுகிறவனைப் பார்ப்பார். அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே விழுகிறானாம். ஆனால் அவரிடமிருந்த அத்தனை காசிலும் அந்த முகம் மட்டும் தேய்ந்து போயிருந்தது.

மகன் பட்டாளத்துக்குக் கிளம்புமுன் இருவரும் சேர்ந்து மண் அப்பிய காசு ஒன்றை வாங்கினார்கள். மண்ணுக்கடியில் முகம் முழுசாக இருப்பதுபோலத் தெரிந்தது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி அதில் காசைப் போட்டான் மகன். மண் தானாக இளக மாதக்கணக்கில் ஊற வேண்டும். அவசரப்பட்டால் காசின் பச்சைத் தோலும் மண்ணோடு உரிந்துவிடும். உருவமே அந்தத் தோலில்தான் இருக்கிறது.

"நான் லீவுல வர்ற வரைக்கும் ஊசி வெச்சுச் சுரண்டக் கூடாதுப்பா. முகத்த சேர்ந்து பாக்கலாம்."

"எனக்கேவா சொல்ற? போடா."

எல்லையில் சண்டை என்று செய்தி வந்தது. மகனிடமிருந்து போன் வரவில்லை. வேலையிடத்தில் மெழுகில் பற்களை வரிசை மாற்றிப் பதித்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வீட்டில் வாசலுக்கும் பின்னறைக்குமாக நடந்தார். இருப்புக்கொள்ளவில்லை. அந்த முகம் சேதமில்லாமல் வெளியே வந்துவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று ஓர் அசட்டு எண்ணம் மண்டைக்குள் புகுந்துகொண்டது. பல்லைச் செதுக்கும் ஊசியை எடுத்தார்.

குதிரையின் கால் வந்தது. தூக்கிய கை வந்தது. முகத்தில் ஊசியை வைத்தார். ஒரு செதில் பெயர்ந்து விழுந்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் செம்பு பளபளத்தது.

காசைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு, மனைவியின் கண்ணில் படாமல் திரிந்தார். ஒருவழியாகப் போன் வந்தது.

"நல்லா இருக்கேன்ப்பா. காசு எப்படி இருக்கு?"

"ஊறுதுடா" என்று வாய் கூசாமல் புளுகினார். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது.

மகன் லீவில் வந்தான். இளைத்திருந்தான். அம்மா சாப்பாடு போட்டதும் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

"அப்பனையே உரிச்சு வெச்சிருக்கு பாரு" என்று அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பிள்ளை முன்பெல்லாம் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான்.

பின்னறைக்குப் போய்க் காசை அவரே எடுத்துக் கொடுத்தார். "பொறுக்க முடியலடா. ஊசி வெச்சிட்டேன். முகம் போச்சு."

மகன் அந்த வெறும் செம்பைக் கட்டைவிரலால் தடவினான்.

"நல்லதாப் போச்சுப்பா" என்றான். "விழுறவன் முகத்த நான் அங்க பாத்துட்டேன்."

அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். மகன் காசை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்கும் பின்னறைக்குமாக நடந்துகொண்டிருந்தான்.