அக்கா வீட்டுக் கடலைச் சட்னி

இந்த இங்கிலாந்தில் ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்க எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. மூன்றாம் வகுப்போடு வாத்தியாருக்கு விடுதலை கொடுத்தவன் நான். இங்கிலீஷில் ‘பீனட்’ ஒன்றுதான் கண்ணுக்குப் பிடிபடும். அது எந்த மூலையில் ஒளிந்திருக்கிறதென்று பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒருநாள் கடைக்காரப் பெண் என்னைத் திருடன் என்று நினைத்து மேனேஜரையே கூட்டிவந்துவிட்டாள்.

என் மகளுக்கு நிலக்கடலை ஆகாது. ஒரு பருப்பு போதும், உதடு வீங்கி மூச்சு அடைக்கும். முள்ளுக்குறிச்சி கடலைக்காட்டில் புரண்டு வளர்ந்தவனுக்கு இப்படியொரு பிள்ளை! காரணம் கேட்டதற்கு டாக்டர் ‘எபிஜெனெடிக்ஸ்’ என்றார். என் மனைவி நர்ஸ்; அவள் பெட்டிகளோடு இன்னொரு பெட்டியாக வந்தவன் நான். அவள்தான் விளக்கினாள். ஜீன் அப்படியே இருக்குமாம், அதைப் போட்டு அணைக்கிற சுவிட்சுகள் மாறலாமாம். வயிற்றில் இருக்கும்போதும் பிறந்த புதிதிலும் சேர்கிற சாப்பாடு, காற்று, கிருமி எல்லாம் அதில் கை வைக்கலாமாம். இன்னும் ஆராய்ச்சிதான்; இவளுக்கு எது என்று யாராலும் சொல்ல முடியாதாம். “ஹூ பிரஸ் சுவிட்ச்?” என்றேன். டாக்டர் எழுந்துபோய் விளக்கை அணைத்தார்.

போன லீவில் மலைமேல் செம்மேட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனோம். அவள் மகள் கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்று கோபம்; அதற்குப் பிறகு எஸ்டிடி பூத்துக்குப் போன் போட்டுக் கூப்பிட்டாலும் பேச வரமாட்டாள். எங்கள் பக்கம் மன்னிப்பெல்லாம் கேட்பதில்லை. வந்து கை நனைத்து ஒரு வாய் சாப்பிட்டால் மனஸ்தாபம் தீர்ந்தது. இலையில் இட்லி, கடலைச் சட்னி, கடலை எண்ணெய் மிதக்கும் கோழிக்குழம்பு. மகளுக்குக் கையோடு கொண்டுபோன ரொட்டி. அக்கா முகம் கறுத்தது. நான் சுவிட்ச் கதையை எடுத்துவிட்டேன்.

“அப்ப மாசமா இருக்கறப்ப இவ கண்டதையும் தின்னாளா?”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். வருஷக்கணக்காக அவள் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி அது.

“அது டாக்டருக்கே தெரியலக்கா.”

“அவருக்கே தெரியாததை நீ எதுக்குடா எனக்குப் பாடம் எடுக்கற? புள்ளைக்கு ஆகாதுன்னா உடு. நீயாச்சும் கை நனை.”

உட்கார்ந்தேன். மனைவி மகளை வெளியே பலாமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அக்கா சட்னியை ஊற்றிக்கொண்டே பேசினாள், பேசினாள், அத்தனை வருஷத்துப் பேச்சையும் பேசினாள்.

பஸ் மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு தலைசுற்றி மகள் வாந்தி எடுத்தாள். கையை நீட்டி என்னிடம் வரவேண்டுமென்று அழுதாள். சோப்புப் போட்டுக் கை கழுவியிருந்தேன். வாயையும் சட்டையில் தெறித்த சட்னியையும் என்ன செய்வது? “பின்னாடி போய் உக்காருங்க” என்றாள் மனைவி. போனேன். அக்கா சட்னியின் ருசி நாக்கிலேயே இருந்தது. விழுங்கவும் மனமில்லை, துப்பவும் மனமில்லை.