புரட்டாசியில் ஒரு வெங்காயத்தோல்

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக்குள் கறி, மீன் மட்டுமல்ல, வெங்காயமும் நுழையாது. அம்மா போட்ட சட்டம். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் பலரும் சனிக்கிழமையோடு நிறுத்திக்கொள்வார்கள். அம்மாவுக்கு மாதம் முழுக்க. நானும் கறாராகக் கடைப்பிடிப்பவன்தான், தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து பஜ்ஜிக்கடையை எட்டும்வரை.

அந்தப் புரட்டாசியில்தான் என் மனைவிக்கு உயிரியல் செய்முறைத் தேர்வு வந்தது. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு தபால் வழியில் பட்டப்படிப்பு சேர்ந்தவள். எழுத்துத் தேர்வெல்லாம் தேறிவிட்டாள். செய்முறையில் மட்டும் போன முறை கவிழ்ந்தாள். மைக்ராஸ்கோப்பில் தெரிந்த, கறுப்பு விளிம்பு வைத்த அழகான வட்டத்தை செல் என்று நம்பி, கலர் பென்சிலால் வரைந்து, பாகங்களும் குறித்திருக்கிறாள். தேர்வாளர் எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, இது காத்துக் குமிழி” என்றாராம்.

காற்றுக்கே உட்கரு வரைந்தவள் என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. “இந்தத் தடவையும் போச்சுன்னா, புத்தகத்தையெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடறேன்” என்றாள். அதன்பின் நானும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை தேர்வு. தெரிந்த பள்ளிக்கூடத்தில் மைக்ராஸ்கோப் இரவல் வாங்கி வந்திருந்தாள். தேர்வில் வெங்காயத்தோல்தான் கொடுப்பார்கள். சனிக்கிழமை காலை அம்மாவிடம் பேச்சைத் தொடங்கினாள்.

“திங்கறதுக்கு இல்லத்தே, பாக்கறதுக்கு.”

“வெங்காயத்துல பாக்கறதுக்கு இன்னா கீது? தளிகை போடற நாளும் அதுவுமா. வூட்டுக்குள்ள வராது.”

பெருமாளுக்குத் தளிகை படைக்கும்வரை யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது. பசியில் இரண்டு பெண்கள் மோதிக்கொள்வதைப் பார்க்கச் சகிக்காமல் நான் நடுவில் புகுந்தேன். கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டினாலும் செல் கிடைக்கும் என்று அவள் புத்தகத்தில் படம் பார்த்திருந்தேன்.

பல்குத்தும் குச்சியால் சுரண்டினேன். அதைக் கண்ணாடியில் தடவி, அவள் நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டாள். நானே முதலில் கண் வைத்தேன். செங்கல் அடுக்கியது போலக் கட்டம் கட்டமாக வரிசை.

“என் செல்லு எவ்ளோ ஒழுங்கா இருக்கு பாரு. ஒவ்வொண்ணும் சுவர் கட்டி வெச்சிருக்கு.”

அவள் குனிந்து பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. “சுவர் இருந்தா அது செடிங்க. மனுஷ செல்லுக்கு சுவரே கிடையாது, மெல்லிசா ஒரு சவ்வுதான். இது கொத்தமல்லிக் காம்பு. சட்னி.”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

“தளிகைக்கு முன்னாடி உனக்கு ஏதுடா சட்னி?”

வெற்றிலை வாங்கப் போன வழியில் ரெண்டே இட்லி. இதைக் காட்டிக்கொடுக்க ஒரு கருவி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

“மெல்லாம முழுங்காதேன்னு அப்பலேர்ந்து சொல்லிகினு கீறேன்” என்றாள் அம்மா. “போய் வாயைக் கொப்பளி.”

கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி சுரண்டினோம். இம்முறை கட்டமும் இல்லை, வரிசையும் இல்லை. ஓரம் மடங்கிய அப்பளம் போல, கண்ணாடித்தாளாய் ஒன்று மிதந்தது. நடுவில் அடர்நீலத்தில் ஒரு புள்ளி.

“அதுதான் உட்கரு. நீங்க எப்படி இருக்கணும்ங்கறது மொத்தமும் அதுக்குள்ள எழுதியிருக்கு.”

என் வழுக்கை, என் கோணல் பல், அப்பாவின் மூக்கு, எல்லாம் அந்தப் புள்ளிக்குள். அந்த மெல்லிய சவ்வுதான் எதை உள்ளே விடலாம், எதை விடக் கூடாது என்று பார்த்துக்கொள்கிறதாம். அப்படியானால் அத்தனை வாசலிலும் ஒரு அம்மா நிற்கிறாள். ஒரு கேஸ் சிலிண்டரை ஒழுங்காகப் பதிவு செய்யத் தெரியாத என்னை, எண்ணி முடியாத இத்தனை பேர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். மனைவி புத்தகத்துப் படத்தைக் காட்டி அவளுக்கும் சொன்னாள்: “இந்த குட்டி குட்டியா இருக்கில்லத்தே, இது அடுப்பு மாதிரி. சாப்பாட்டுலேர்ந்து தெம்பு எடுத்துத் தரும். இது அம்மாகிட்டேர்ந்துதான் பிள்ளைக்கு வருது. அப்பாவோடது வர்றதில்ல.”

“இவனுக்குள்ள எரியறது என் அடுப்பா?”

“உங்களுது, உங்கம்மாவோடது, அவங்கம்மாவோடது.”

அம்மா கண்ணை இடுக்கிக் குனிந்தாள். “இதுல எங்க கீது?”

“இந்த லென்ஸுக்குத் தெரியாதுத்தே. ஆனா இருக்கு.”

“பெருமாளுந்தான் தெரியறதில்ல” என்றாள் அம்மா. சற்று நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள், யாரோ புதிதாக வந்தவனைப் பார்ப்பது போல. “தளிகை ஆவட்டும். அப்பறமா மொட்டைமாடியில வெச்சிக்கோங்க. படியேறி அப்டியே போவணும், வூட்டுக்குள்ள வரக் கூடாது.”

மத்தியானம், காயும் துணிகளுக்கு நடுவே, நாற்காலி மேல் மைக்ராஸ்கோப். மனைவி வெங்காயத்தின் உட்புறத்திலிருந்து மெல்லிய தோலை உரித்துத் தண்ணீரில் விரித்து, சாயம் ஒரு சொட்டு விட்டாள். மூடும் கண்ணாடித் தகட்டை ஊசியால் சாய்த்துப் பிடித்து, மூச்சை அடக்கி, மெல்ல இறக்கினாள். குமிழி. மறுபடியும் குமிழி. “மாவு ஊத்தறாப்பல ஒரு பக்கமா எறக்கேன்” என்றாள் அம்மா, வெங்காயத்திலிருந்து தள்ளி நின்று.

அடுத்த முறை குமிழியே இல்லை. பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளைத் தூரத்திலிருந்து பார்த்தது போல வரிசை வரிசையாக அறைகள். அனேகமாக அறைக்கு ஒரு புள்ளி.

அம்மா கடைசியாகப் பார்த்தாள். “வூடு வூடா கட்டி, வெளக்கு ஏத்தி வெச்சிகீது” என்றாள். “இதையா நறுக்கினேன் இத்தினி வருஷம்?”

திங்கட்கிழமை மாலை மனைவி செருப்பைக் கழற்றும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை. அம்மாதான் வாசலை மறித்து நின்றாள்.

“காத்து இருந்திச்சா?”

“ஒண்ணுகூட இல்லத்தே.”

அம்மா வழிவிட்டாள். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவளாக, “வெங்காயத்தைத் தொட்ட கை. கழுவிட்டு வா” என்றாள்.