தீனியக்காவின் மூக்கு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் செல்களுக்கு வேளாவேளைக்குச் சத்துநீர் மாற்றுபவர் தீனியக்கா. அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான்.

"பெத்த புள்ளைக்குக்கூட இப்படி பாத்து பாத்து ஊட்டியிருக்க மாட்டீங்க" என்று சீண்டுவேன்.

"அதுங்க உன்ன மாதிரி வாயாடாதுடா" என்பார்.

நான்கு வருடம் முன்பு அவருக்கே புற்றுநோய் வந்தது. சிகிச்சையில் பிழைத்து வேலைக்குத் திரும்பினார்.

மூக்கில் வாசனையை உணரும் ஏற்பிகள் சில புற்றுநோய் செல்களிலும் உண்டு. வாசனை பட்டால் எங்கள் செல்கள் பெருகுவது குறையுமா என்பதே கேள்வி. செல் வளரும் தட்டுகளில் பாதியில் நான் பூவாசனைத் துளி விடுவேன். மீதி, வாசனை விடாத வெறும் தட்டுகள். எல்லாவற்றையும் அக்கா ஒரே வெப்பப்பெட்டியில் அடுக்குவார். துளி சூடாக இருக்கட்டும் என்று வாசனைப் புட்டியும் உள்ளேயே இருக்கும். அவரைத் தவிர யாரும் அந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது.

மூன்றாம் வாரம் வெறும் தட்டுகளின் செல்களும் வளராமல் மந்தமாயின. தட்டு மாறித் துளி விட்டுவிட்டேன் என்று பழி என் தலையில் விழுந்தது. கூடத்தின் தலைவியான மேடம் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே வந்தார்.

"அவன் மேல தப்பில்ல மேடம். புட்டி மூடிய நான் சரியா மூடல, இன்னைக்குக் காலைலதான் பாத்தேன். வாசனை பெட்டி முழுக்கப் பரவியிருக்கு. வேற யாரா இருந்தாலும் கதவத் திறந்ததுமே மூக்கத் துளைச்சிருக்கும். எனக்கு வைத்தியத்துல போன மூக்கு திரும்பவே இல்ல. வேலை போயிடும்னு மறைச்சுட்டேன்."

"வீட்ல எப்படி சமாளிக்கறீங்க?" என்றார் மேடம்.

"பால் தீஞ்சா என் வீட்டுக்காரர்தான் ஓடி வரணும்" என்று சிரித்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இத்தனை நாளும் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கேலி பேசினேனே தவிர, எனக்கு இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மேடம் பதிவேட்டுப் பக்கங்களை அடித்துவிட்டு அக்காவிடம் திரும்பினார். மூன்று வார உழைப்பு பாழ்.

"இனிமே ரெண்டு பெட்டி. பெட்டிய இந்தப் பையன் பாத்துக்கட்டும், செல் எண்ணற வேலைய நீங்க பாருங்க. நாங்கன்னா மோந்து பாத்தே இது எந்தத் தட்டுன்னு தெரிஞ்சுக்கிட்டு, மனசு விரும்பற மாதிரி எண்ணிடுவோம். உங்களால அது முடியாது."

புதிய தட்டுகள் வந்த அன்று அக்கா நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

"என் மூக்கப் பிடுங்கிக்கிட்டு, அதுங்க மோந்து பாத்து என்னையே காட்டிக் குடுத்துருச்சுங்களேடா!"

எண்ணி முடித்ததும் வழக்கம்போல் அவற்றுக்குத் தீனி போட்டார்.