எங்கள் கிணற்று நீரின் ருசி

முதலில் செருப்புதான் இறுகியது. மழையில் நனைந்து தோல் சுருங்கிவிட்டது என்று நினைத்தேன். பிறகு முகமும் உப்பியது. கட்டுமாவடிப் பள்ளிக்கூடத்து வாசலில் மீன்கூடையை இறக்கி வைத்தவர் சிரித்தார்.

"வாத்தியாருக்கு மொகமெல்லாம் பூரிச்சுக் கெடக்கு. வீட்டுல கவனிப்பு பலம்போல!"

எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சுடவைத்தார். வெந்த முட்டையைப்போல் அது வெள்ளையாகத் திரண்டது. என் உடம்பிலிருந்து வந்ததா அது? ஆல்புமின் (ரத்தத்தில் தங்க வேண்டிய சத்து) ஒழுகுகிறது என்றார்.

நோய் படிப்படியாக நகரும். முதலில் சத்து ஒழுகி உடம்பில் நீர் கோக்கும். அடுத்து சிறுநீரகம் சுருங்கும். கடைசியில் யூரியா (சிறுநீரோடு வெளியேற வேண்டிய கழிவு) ரத்தத்தில் தேங்கி நினைவு தப்பும்.

"ரெண்டாவது படியில கால் வச்சுட்டீங்க சார். மூணாவதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. உப்பு ஒரு கல்லுகூடக் கூடாது."

என் மனைவி செல்லம் உப்புச் சட்டியைப் பரண்மேல் ஏற்றினாள். கருவாடும் ஊறுகாயும் நின்றன. உப்பில்லாக் கஞ்சி எனக்குச் சிரமமாகவே இல்லை. என் மனவுறுதியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் வீக்கம் வயிறுவரை ஏறியது. படுத்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் ஊருக்குப் போன செல்லம் கஞ்சியும் குடிதண்ணீரும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லுங்கம்மா. பாவம்னு கொஞ்சம் உப்பு போட்டீங்கதானே?"

"நான் எதுக்குங்க போடுறேன்? தாலியக் கழட்டவா?" அவள் தூக்குச்சட்டியை நீட்டினாள். "நீங்களே குடிச்சுப் பாருங்க."

அவர் உள்ளங்கையில் சிறிது வாங்கிச் சுவைத்தார். முகம் சுளித்தார்.

"கரிக்குதேம்மா."

நான் அவளைப் பார்த்தேன். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளைச் சந்தேகித்தேன். டாக்டர் கூஜாவைச் சாய்த்துத் தண்ணீரையும் சுவைத்தார்.

"இது எந்தத் தண்ணி?"

"வீட்டுக் கெணறுதாங்க. நல்ல தண்ணி."

"கடல் தண்ணி கலந்தாப்புல இருக்கு. இதத்தான் குடிக்கிறீங்களா?"

நாங்கள் இருவரும் மாறிமாறிக் குடித்துப் பார்த்தோம். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அதுதான் எங்களுக்குத் தண்ணீர். உப்பைப் பரணில் ஏற்றிவிட்டு, அதையே குடம் குடமாக இறைத்துக் குடித்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஊருணித் தண்ணீர்தான். கூடவே பாதரச ஊசி (தேங்கிய நீரைச் சிறுநீராக இறக்குவது). வீக்கம் வடிந்தது. ரத்தத்தில் ஏறத் தொடங்கியிருந்த யூரியா முழுதும் இறங்கவில்லை.

"சுருங்குனது விரியாதுங்க," என்றார் டாக்டர். "மிச்சத்தக் காப்பாத்துவோம்."

இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வெளியூர்க்காரர் ஒருவரிடம் உங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொடுத்துக் கேளுங்கள். உங்கள் நாக்கை நம்பாதீர்கள்.

வீடு திரும்பிய அன்று கிணற்று நீரில் வாய் கொப்பளித்தேன். கரித்தது. "நல்லாத்தானே இருக்கு," என்றாள் செல்லம், ஊருணிக்குக் குடத்தை எடுத்தபடி.

ஆனியில் பள்ளி திறக்கச் சித்திரையிலேயே திட்டம் போடுகிறவன் நான். இப்போது விடிந்ததும் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். குழி விழாவிட்டால், சாயங்காலம் வரைக்கும் திட்டம் போடுகிறேன்.