அண்ணனின் கேமராவில் விழுந்த வளையம்

பூதப்பாண்டியில் பிறந்து, நாகர்கோவிலில் படித்து, பெங்களூரில் வானியல் தொலைநோக்கிகளுக்குக் கேமரா செய்வதையே வாழ்வாகக் கொண்ட எங்கள் அண்ணன் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அப்பா இறந்தபின் தங்கைகளான எங்களை அவர் படிக்கவைத்துக் கரையேற்றியது உறவினர் அனைவரும் அறிந்ததே. நான் சொல்ல வந்தது வேறு. இதுவரை அண்ணியிடம்கூடச் சொல்லாதது.

கடைசிக் கேமராவுக்கு அண்ணன் ஏழு வருடம் உழைத்தார். மங்கிய நட்சத்திர ஒளியையும் படமாக்கும் சென்சாரை, காற்றை உறிஞ்சி எடுத்த உலோகக் கலத்துக்குள் உறைகுளிரில் வைத்து, முன்னால் கண்ணாடி பொருத்தியிருந்தார். மலைமேல் இருக்கும் தொலைநோக்கிக்கு அது புறப்பட்ட அன்று நானும் பெங்களூரில் அவரோடு இருந்தேன். புதிதாக எதையும் பொட்டு வைக்காமல் அனுப்புகிற வழக்கம் நம் வீட்டில் உண்டா? வெளியே வைத்தால் துடைத்துவிடுவார்களே என்று, அந்தக் கண்ணாடியின் மேல் மாட்டியிருந்த மூடியைக் கழற்றி, மூடியின் உட்புறம் குங்குமம் வைத்துத் திரும்ப மாட்டிவிட்டேன். தும்மல் வந்தால் எட்டிப்போய்த் தும்முகிற இடம் அது! என் புத்தியை என்ன சொல்ல?

நோய் முற்றி அண்ணன் ஊருக்கு வந்து படுத்திருந்தபோது மலையிலிருந்து முதல் படம் வந்தது. நடுவில் கறுப்பாக ஒரு வளையம். சென்சார் கெட்டுவிட்டதோ என்று அவருடைய நண்பர் போனில் தயங்கினார். அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தார்கள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் திட்டவில்லை. படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"ஏட்டி, எதுக்குக் கரையுத? சென்சார்ல விழுந்திருந்தா சின்னப் புள்ளியால்லா தெரியும். இது இம்புட்டுப் பெரிய வளையம், தள்ளி இருக்க தூசிதான் இப்பிடி விரியும். மூடியிலருந்து உதுந்து வெளிக் கண்ணாடியிலதான் ஒட்டியிருக்கு, கேட்டியா?"

"அப்போ கேமராவுக்கு ஒண்ணும் ஆகல்லியாண்ணே?"

"ஒண்ணும் ஆகல்ல. ஊதுனா போயிரும். வானத்துக்கே பொட்டு வச்சவ நீதாம்ட்டி! அண்ணிகிட்ட சொல்லாண்டாம், சிரிப்பா."

மறுநாள் காலை வந்த படம் சுத்தமாக இருந்தது. அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணன் அன்று வழக்கத்தைவிட இரண்டு கரண்டி கஞ்சி அதிகமாகக் குடித்தார். நான்காம் நாள், மனத்தில் ஒரு குறையும் இல்லாமல் கண்மூடினார். அந்த நிம்மதியில்தான் இந்த ஒரு வருடத்தைக் கடந்தேன்.

அருகிருந்து பார்த்த மருத்துவர்களுக்கும், தோவாளையிலிருந்து மாலையோடு ஓடிவந்த சித்தப்பாவுக்கும், மலையில் அந்தக் கண்ணாடியை ஊதித் துடைத்த நண்பருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த நினைவு மலரின் பின்னட்டையில் இரண்டு படங்களும் உள்ளன. கறை விழுந்ததை எதற்குப் போடுகிறாய் என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அண்ணி, அது நான் வைத்த பொட்டு.