அப்பா பின்னிய சடை

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீடு கீழ்த்தளத்தில் இருந்தது. பெரிய மழை பெய்தால் வாசல் கால்வாய் நிரம்பும்; கட்டெறும்புகள் கூடு மாற்றும். வரிசையாக அல்ல, இரண்டிரண்டாக. முன்னால் போவது சிறிது நகர்ந்து நிற்கும். பின்னால் வருவது உணர்கொம்பால் அதைத் தட்டிய பிறகுதான் மறுபடி நகரும். வழி தெரிந்த எறும்பு தெரியாததற்குச் சொல்லிக்கொடுக்கும் முறை அது என்று பின்னாளில் படித்தேன். எட்டு வயதில் எனக்கு அது வீண்வேலையாகப் பட்டது. முட்டைகளைக் கவ்விய எறும்புகள் வேகமாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

"பெரிய எறும்பையும் தூக்கிட்டே போலாமேம்மா?"

"தூக்கிட்டுப் போனா அதுக்கு வழி தெரியாதுல்ல," என்றார் அம்மா, நாற்காலியில் சாய்ந்தபடி.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். என்னிடம் சொன்னது, உடம்பு அசதி என்று மட்டும்.

அந்த நாட்களில் அம்மா அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தவை: ரசத்துக்குப் புளி அளவு, என் பள்ளிச் சீருடையின் மடிப்பு கலையாமல் தேய்ப்பது, எந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது, கடைசியாக இரட்டைச் சடை. மற்றதெல்லாம் அப்பாவுக்கு எப்படியோ வந்துவிட்டது. சடை வரவில்லை. துறைமுகத்தில் லோரி ஓட்டுகிற கை.

"ஏங்க, அது பிள்ளை தலையா, லோரி கன்வாஸா? இந்த இழுப்பு இழுக்கிறீங்க!"

"பாதி வழியில அவுந்துடக்கூடாது லா," என்றார் அப்பா. மூவரும் சிரித்தோம்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு சடை காதருகிலும் மற்றது பிடரியிலும் தொங்கியது. கண்ணாடியைப் பார்த்து அழுதேன். சீப்பை அம்மாவின் மடியில் கொண்டுபோய் வைத்தேன்.

"நீங்கதான் பின்னணும்!"

வெளியே பள்ளி வேன் ஹாரன் அடித்தது. அப்பா மெதுவாக, "இன்னிக்கு மட்டும் நீ பின்னி விட்டுடேன்," என்றார்.

அம்மா சீப்பை அவரிடமே நீட்டினார். "அவுத்துட்டு முதல்லேருந்து பின்னுங்க. வேன் நிக்கும்."

பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா தடுமாறியபோதெல்லாம், "நடுவுல உள்ளதை விட்டுட்டீங்க" என்று வாயால் மட்டும் சொன்னார்.

முத்தம் கொடுக்காமல் வேனில் ஏறினேன். அம்மாவுக்கு என்மேல் என்ன கோபம் என்று வழியெல்லாம் யோசித்தேன். கையில் வலுவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. அன்று காலையில்தான் தன் கொண்டையைத் தானே முடிந்திருந்தார். அப்படியிருந்தும் என் தலையைத் தொட்டுவிடாமல் அந்தக் கைகளை அவர் ஏன் அவ்வளவு அழுத்திப் பிடித்து வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.