ஆளில்லாத பஸ்ஸில் பதினாலு பேர்

எங்கள் பெரிய அதிகாரி பஸ்ஸில் ஏறி நான் பார்த்ததில்லை. இருபத்தாறு வருஷமாகக் கண்டக்டர் வேலை பார்க்கிறேன். அந்த நாற்காலியில் ஏழு பேர் உட்கார்ந்து எழுந்து போய்விட்டார்கள். ஒருத்தருக்காவது பஸ் படி எத்தனை உயரம் என்று தெரியாது. ஆனால் எந்த பஸ்ஸில் எத்தனை பேர் போகிறார்கள் என்று கேட்டால் போதும், புள்ளிவிவரமாகக் கொட்டுவார்கள். அந்தப் புள்ளிவிவரத்தின் லட்சணம் தெரிய வேண்டுமானால் பாய்லரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பாய்லர் என்பது நாங்கள் வைத்த பெயர். பெரியாஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், முப்பத்தெட்டு வயது. ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பாவது அங்கே ஆவியில் வெந்து வெளியே வரும். அந்த ஆவியைக் கொடுக்கிற பாய்லரை ஆறு வருஷமாக ஓட்டுவது இவள்தான். காலையில் அடியில் தங்கின சேற்றைத் திறந்துவிடுவது, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்ப்பது, அழுத்தம் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தொடுமுன் தீயைக் குறைப்பது எல்லாம் இவள் கைதான். பதவியும் சம்பளமும் மட்டும் பக்கத்திலேயே நாற்காலி போட்டுத் தூங்குகிற ஒரு பெரிய மனிதருக்கு. ஏனென்றால் அவரிடம் சான்றிதழ் இருக்கிறது. அடுத்த வருஷம் அவர் ஓய்வு பெறுகிறார். கையில் சான்றிதழ் இருந்தால் அந்த இடம் இவளுக்குக் கிடைக்கும், இல்லாவிட்டால் இன்னொரு குறட்டைக்குப் போய்ச் சேரும்.

அதற்காகத்தான் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மாலை வகுப்பில் சேர்ந்தாள். "இந்த வயசுல படிச்சு என்ன அண்ணி கிழிக்கப் போறீங்க?" என்று கொழுந்தன் கேட்டானாம். "நீங்க பத்தாவதைக் கிழிச்ச மாதிரி கிழிக்க மாட்டேன் தம்பி, பாஸ் பண்ணிக் காட்டுறேன்" என்றாளாம். என்னிடம் சொல்லிவிட்டு ஒரு நிறுத்தம் முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

பயிற்சி நிலையம் ஊர்க்கோடியில், எங்கள் டிப்போவுக்கு முந்தின நிறுத்தம். சரியாக ஐந்து மணிக்கு வாத்தியார் கதவைச் சாத்திவிடுவார். பத்து நாள் வரை லீவு செல்லும். பதினொன்றாவது நாள் வராவிட்டால் பரீட்சை எழுத முடியாது. என்னுடைய நாலு நாற்பது டிரிப்பில் ஏறினால் நாலு ஐம்பத்தெட்டுக்கு வாசலில் இறங்கிவிடலாம். அவளைப் போலவே பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவர்கள் மொத்தம் பதினாலு பேர். எல்லோரிடமும் இலவச பாஸ் இருந்தது.

அந்த பாஸுக்கான பணத்தைக் கல்வித் துறை எங்கள் துறைக்குத் தர வேண்டும். தரவில்லை. எங்கள் மேதாவிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? டிக்கெட் மெஷினில் இருந்த பாஸ் பட்டனைத் தூக்கிவிட்டார்கள். காசு வராத ஆள் ஆளே இல்லை என்று கணக்கு. டிக்கெட் வாங்குகிறவர்கள் நாலு பேர், ஆகவே பஸ்ஸிலும் நாலு பேர்தான். நாலு பேருக்காக ஓடுகிற டிரிப்புக்கு அரசாங்கம் மானியம் தராது. ஆகவே டிரிப்பையே நிறுத்தப் பார்த்தார்கள்.

நானே மாடியேறிப் போய் அதிகாரியிடம் சொன்னேன்.

"சார், பாஸ்ல மட்டும் பதினாலு பேர் வர்றாங்க."

"மெஷின்ல வரலியேப்பா."

"மெஷின்ல பட்டனே இல்லியே சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன், வரலியே."

தலையில் அடித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

டிரிப்பை நிறுத்துமுன் மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. கேட்டார்கள். தலைமை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், மாலை நாலு மணிக்கு. என் பஸ் புறப்படுவது அந்த வாசலிலிருந்துதான். பதினாலு பேரும் முதலாளிகளிடம் கெஞ்சிக் கூத்தாடி சீக்கிரமே வந்து உட்கார்ந்தார்கள். அதிகாரி நாலே காலுக்கு வந்தார். மைக் கரகரத்தது. துறையின் சாதனைகளை வாசித்தார். "இனி மக்கள் பேசலாம்" என்று அவர் சொன்னபோது மணி நாலு முப்பத்தேழு. பஸ்ஸை விட்டால் வகுப்பு போச்சு. பதிமூன்று பேர் தடதடவென்று மூன்று மாடி இறங்கி ஓடி வந்து ஏறினார்கள். பாய்லர் மட்டும் வரவில்லை. அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலில் நின்றுகொண்டு, போங்கள் என்று கையைக் காட்டினாள். நானும் விசில் ஊதினேன். ஐந்து நிமிஷம் நிறுத்தி வைக்க எனக்குத் துப்பில்லை. இந்தத் துறையைத் திட்டும்போது என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

மாமியார் காய்ச்சலில் படுத்த ஐந்து நாளும் ஆஸ்பத்திரி பாய்லர் பழுதான மூன்று நாளும் ஏற்கெனவே போயிருந்தன. இது ஒன்பதாவது. அந்த ஒரு நாளைக் கொடுத்து, காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்று, விஷயத்தையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. அறிவிப்புப் பலகையில் நானே படித்தேன். 'மறுப்புத் தெரிவித்தவர் ஒருவர் மட்டுமே. பேருந்து புறப்பட்ட பின்னரும் அவர் கூட்டத்தில் அமர்ந்திருந்ததால், மேற்படி பேருந்து அவருக்கு இன்றியமையாதது அன்று எனத் தெளிவாகிறது.' அடப்பாவிகளா! சோற்றில் உப்புப் போட்டுத் தின்கிற எவனாவது இப்படி எழுதுவானா?

டிரிப் நின்றது. ஆனால் பஸ் நிற்கவில்லை. அது டிப்போவுக்குப் போயாக வேண்டுமே. அதே நாலு நாற்பதுக்கு, அதே ரோட்டில், 'டிப்போ' என்று பலகை மாட்டிக்கொண்டு போனது. உள்ளே டிரைவரும் நானும் நாற்பத்தெட்டுக் காலி சீட்டும். யாரையும் ஏற்றக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு.

முதல் நாள் பாய்லர் வேலை முடிந்ததும் நடந்தே போனாள். ஏழு கிலோமீட்டர். போய்ச் சேரும்போது கதவு சாத்தியிருந்தது. பத்தாவது நாளும் போனது.

மறுநாள் நாங்கள் பாலம் ஏறும்போது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக ஓடிக்கொண்டிருந்தாள். எங்கள் டிரைவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பிரேக் போட்டார்.

"ஏறும்மா" என்றேன்.

"வேண்டாம்ணே, மாட்டினா உங்க வேலைக்கே வேட்டு வெச்சிடுவாங்க."

"ஏறித் தொலையேன், நேரமாகுது!"

ஏறினாள். அதற்கடுத்த நாளிலிருந்து பதினாலு பேரும் பாலத்தடியில் நிற்க ஆரம்பித்தார்கள்.

மூன்று வாரம் ஓடியது. ஒருநாள் புதிதாக வந்த செக்கர் ஜீப்பைக் குறுக்கே போட்டு மறித்தார். விறைப்பாக ஏறி, "எல்லாரும் இறங்குங்க!" என்று கத்தினார். மணி நாலு ஐம்பது. இங்கே இறங்கினால் அவளுக்குப் பதினொன்று. அவள் எழுந்திருக்கவே இல்லை.

"சார், இந்த வண்டி எங்க போகுது?"

"டிப்போவுக்கு."

"இதை எழுதி நீங்க எங்க குடுக்கணும்?"

"டிப்போவுலதான்."

"அப்ப உட்காருங்க, போயிட்டே எழுதலாம். நாங்க எங்க ஓடப் போறோம்? வேணும்னா நானே சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

செக்கர் ஜீப்பைப் பார்த்தார், பதினாலு முகங்களையும் பார்த்தார், ஜீப்பை விலக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். டிரைவர் வண்டியை விரட்டினார். செக்கர் எண்ணிவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினார். "பதினாலு சார். கடைசி சீட்டுல ரெண்டு பேர் இருக்காங்க, சரியாப் போடுங்க" என்றாள் இவள். இங்கே என் கழுத்தில் கத்தி, இவள் எண்ணிக்கையைத் திருத்திக்கொண்டிருக்கிறாள்! ஐந்துக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது கையெழுத்தைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள்.

மறுநாளே எனக்கு மெமோ வந்தது. 'அனுமதியின்றிப் பதினான்கு பயணிகளை ஏற்றிச் சென்றமைக்காக' சஸ்பெண்ட். "ஊருக்கு உழைச்சது போதுமா?" என்று வீட்டில் அர்ச்சனை. ஆளேற்றுவது கண்டக்டர் பொறுப்பு என்று டிரைவரை விட்டுவிட்டார்கள்; அவர் பாட்டுக்குத் தினமும் பாலத்தடியில் நிறுத்தி அவர்களை ஏற்றிக்கொண்டுதான் போனார். நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாம் என்று சலவைக் கூடத்துக்குப் போனேன். பாய்லர் மெமோவை வாங்கி நிதானமாகப் படித்தாள். "அண்ணே, உங்க ஆபீஸ் எங்களை எண்ணினது இதுதான் முதல் தடவை. நாளைக்கு என்னோட வாங்க" என்றாள்.

மறுநாள் காலை அதிகாரியின் மேஜையில் மெமோவை வைத்தாள்.

"சார், இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அந்த பஸ்ல நாலு பேர்தான்னு ரெண்டு வருஷமா எழுதினதும் நீங்கதானே?"

"அம்மா, அது ரூட் ஃபைல். இது ஒழுங்கு நடவடிக்கை ஃபைல். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே."

"நான் குழப்பல சார். பதினாலு பேர் இருந்தாங்கன்னா எங்க டிரிப்பைத் திருப்பிக் குடுங்க. இல்லைன்னா அண்ணனை வேலைக்கு எடுத்துக்குங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

யோசித்துச் சொல்வதாக அதிகாரி எங்களை அனுப்பிவிட்டார். டிரிப்பைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டு வருஷமாக எழுதினதெல்லாம் பொய் என்றாகிவிடும். யோசித்து யோசித்துப் பத்து நாள் கழித்து ஓர் உத்தரவு போட்டார். 'மேற்படி பேருந்தில் பயணிகள் எவரும் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. எனவே நடவடிக்கை கைவிடப்படுகிறது.' சாட்சிக் கையெழுத்து அதே ஃபைலில்தான் இருந்தது. தன் நாற்காலிக்காகப் பதினாலு உயிரை ஒரே வரியில் துடைத்துப் போட்ட கோழை! அந்த வரியால் பிழைத்தவன் நான் என்பதை நினைத்தால் எனக்கே கேவலமாக இருந்தது.

உத்தரவை அவளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். "நாங்க இல்லவே இல்லைன்னு முத்திரை குத்தியே குடுத்துட்டாங்களேண்ணே" என்றாள். அவள் சிரிக்கவில்லை. நகல் எடுத்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பரீட்சையன்று அதே செக்கர் அதே இடத்தில் மறித்தார். ஏறி நோட்டைத் திறந்தார். பதினாலு பேர் மடியிலும் ஹால் டிக்கெட். பாய்லர் பையிலிருந்து உத்தரவை எடுத்து நீட்டினாள்.

"படிங்க சார். இந்த பஸ்ல யாருமே கிடையாது. பெரியவரே கையெழுத்துப் போட்டிருக்காரு."

செக்கர் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். எங்களை ஒருமுறை பார்த்தார். நோட்டை மூடிக்கொண்டு இறங்கிவிட்டார். நான் விசில் ஊதினேன்.

அவள் பாஸ் செய்துவிட்டாள். இப்போது பாய்லர் அவள் பெயரிலேயே ஓடுகிறது. அந்தக் குறட்டை நாற்காலியை முதல் வேலையாக வெளியே தூக்கிப் போட்டாளாம். எங்கள் அதிகாரிக்குப் பதவி உயர்வு. நாலு நாற்பது பஸ் இன்னமும் ஆளில்லாமல்தான் டிப்போவுக்குப் போகிறது. நேற்று அதில் பத்தொன்பது பேர் இருந்தார்கள்.